யாரும் ஏறாத மாடிகள்: பிராவிடன்ஸ் ஆர்கேட் 48 வாடகை வீடுகளான கதை

அமெரிக்காவில் மால்கள் காலியாகின்றன, அவற்றை வீடுகளாக மாற்றினால் என்ன என்று யார் பேச்செடுத்தாலும் உடனே உதாரணமாக வந்து நிற்பது ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் இருக்கும் ஆர்கேட்தான். 1828ல் கட்டியது. அந்த நாட்டில் இன்னும் நிற்கும் கூரை போட்ட கடை வளாகங்களில் மிகப் பழையது என்று பெயர். 2013ல் அதன் மேலிரண்டு தளங்களையும் 48 சின்ன வாடகை வீடுகளாக மாற்றித் திறந்தார்கள். படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. பார்த்தவர்களில் பாதிப் பேர் "இதையே எல்லா மாலிலும் செய்யலாமே" என்றார்கள். அவ்வளவு எளிதில் செய்ய முடியாது. அந்தக் கட்டடத்தில் ஏன் முடிந்தது, மற்ற இடங்களில் ஏன் முட்டிக்கொள்கிறது என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கட்டடம். வெஸ்ட்மின்ஸ்டர் தெருவும் வேபாசெட் தெருவும் அடுத்தடுத்து ஓடுகின்றன. ஆர்கேட் இரண்டுக்கும் நடுவில் நீளவாக்கில் படுத்திருக்கிறது. ஒரு தெருவில் நுழைந்து நேரே நடந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம். மழையோ பனியோ, நனையாமல் கடந்துபோக ஒரு வழி, வழியின் இருபுறமும் கடைகள், தலைக்கு மேலே நீளம் முழுக்கக் கண்ணாடிக் கூரை. 1819ல் லண்டனில் பர்லிங்டன் ஆர்கேட் திறந்திருந்தது, பாரிஸில் கண்ணாடிக் கூரை போட்ட கடைச் சந்துகள் அப்போது வரிசையாக வந்துகொண்டிருந்தன, அந்த மோஸ்தர்தான் கடல் தாண்டி இங்கே வந்தது. ரஸல் வாரன், ஜேம்ஸ் பக்ளின் என்று இரண்டு பேர் வடிவமைத்தார்கள். இரண்டு முகப்பிலும் கிரேக்கக் கோயில் மாதிரி ஆறாறு தூண்கள், ஒவ்வொன்றும் ஒரே கருங்கல்லில் எடுத்தது. தூணுக்கு மேலே பார்த்தால் மட்டும் இரண்டு முகப்பும் ஒன்றல்ல: ஒரு பக்கம் முக்கோண நெற்றி, இன்னொரு பக்கம் படிப்படியாக உயரும் சுவர்.

உள்ளே மூன்று தளங்கள். கீழ்த்தளத்தில் நடைவழி, அதன் இருபுறமும் கடைகள். மேலே இரண்டு தளங்களிலும் கடைகளுக்கு முன்னால் உப்பரிகை மாதிரி நீண்ட நடை, வார்ப்பிரும்புக் கைப்பிடி. மேலே நின்று கைப்பிடியில் சாய்ந்தால் கீழே நடப்பவர்கள் தெரிவார்கள். அண்ணாந்து பார்த்தால் வானம்.

பணம் போட்டவர் சைரஸ் பட்லர் என்ற பெரிய வியாபாரி. ஊர் இந்தக் கட்டடத்துக்கு வைத்த பெயர் "பட்லரின் பைத்தியக்காரத்தனம்". காரணம் சாதாரணமானது. கீழே உள்ள கடைகளுக்கு ஆள் வந்தது, மேலே ஏற ஆளில்லை. சாமான் வாங்க வந்தவர் கண்ணெதிரே கிடைப்பதை வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார், இரண்டு மாடி ஏறி ஒரு தொப்பிக் கடையைத் தேட அவருக்கு என்ன அவசியம்? மேல்தளக் கடைகளுக்கு வாடகைக்கு ஆள் பிடிப்பது ஆரம்பத்திலிருந்தே பாடாய்ப் படுத்தியது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆர்கேட் நொடித்துப்போனதற்கு இணைய வணிகத்தையும் புது மால்களையும் குறை சொல்வது வழக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மேலிரண்டு தளங்களின் நோய் பிறவி நோய். நூற்றெண்பது வருடமாக உரிமையாளர்கள் மாறினார்கள், கடைகள் மாறின, அந்த நோய் மட்டும் மாறவில்லை.

இடையில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1944ல் இடித்துவிடும் நிலை வந்தபோது ரோட் ஐலண்ட் பார்வையற்றோர் சங்கம் வாங்கிக் காப்பாற்றியது. 1976ல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. 1980ல் சீரமைத்து மறுபடி திறந்தார்கள், சில காலம் நன்றாக ஓடியது. 1999ல் கூப்பிடு தூரத்திலேயே பிராவிடன்ஸ் பிளேஸ் என்ற பிரம்மாண்டமான மால் வந்தது, நார்ட்ஸ்ட்ராம் போன்ற பெரிய கடைகளோடு. பழைய நகர மையத்தின் சின்னக் கடைகள் அதோடு எப்படிப் போட்டி போடும்? 2008ல் இருந்த கடைக்காரர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, சீரமைப்புக்காக என்று ஆர்கேட்டைப் பூட்டினார்கள். அப்போதுதான் அந்த நாட்டின் பொருளாதாரமே சரிந்தது. கருங்கல் தூண்களுக்குப் பின்னால் கதவு பூட்டியபடியே ஐந்து வருடம் கிடந்தது.

சரி, பிறகு என்ன செய்தார்கள்?

உரிமையாளர் எவான் கிரானாஃப். நார்த்ஈஸ்ட் கொலாபரேட்டிவ் ஆர்கிடெக்ட்ஸ் என்ற நிறுவனம் வடிவமைப்பு வேலையைச் செய்தது. அவர்கள் எடுத்த முடிவு, சொல்லிக் கேட்டால் சாதாரணமாகத் தெரியும்: கீழ்த்தளம் கடையாகவே இருக்கட்டும், மேலிரண்டு தளங்களில் கடை என்ற யோசனையையே விட்டுவிடுவோம். கீழே 17 கடைகள், மேலே 48 வீடுகள். கடைக்கு யாரும் மாடி ஏற மாட்டார்கள், ஆனால் தன் வீடு மேலே இருந்தால் ஏறித்தானே ஆக வேண்டும்? மேலே குடியிருப்பவர் காலையில் இறங்கும்போது கீழே காப்பிக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும், இரவு திரும்பும்போதும் அப்படியே. ஆக, மேல்தளம் தன் வாடகையைத் தானே சம்பாதித்துக்கொள்வதோடு கீழ்த்தளத்துக்கு வாடிக்கையாளரையும் அனுப்புகிறது. இந்த ஊரில் பிறந்த ஒரு திகில் கதை எழுத்தாளரின் பெயரில் அங்கே ஒரு சின்னப் புத்தகக் கடைகூட வந்தது.

மொத்தச் செலவு சுமார் 70 லட்சம் டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. 2013 அக்டோபரில் திறந்தார்கள். அதற்கு முன்பே வீடுகள் எல்லாம் பேசி முடிந்துவிட்டன, காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போனது.

வீடு என்று சொல்கிறேனே, அளவைக் கேளுங்கள். மிகச் சிறியது 225 சதுர அடி. பதினைந்துக்குப் பதினைந்து. பெரும்பாலானவை இந்த அளவை ஒட்டியவை, 300 சதுர அடிக்குள் அடங்குபவை; விரல்விட்டு எண்ணும்படி சில மட்டும் பெரியவை. அந்தப் பதினைந்துக்குப் பதினைந்துக்குள்ளேயே குளியலறை, கழிப்பறை, சமையல் மேடை, படுக்கை, உட்கார இடம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆறு வருடம் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த அளவு வாழ முடியாத அளவு இல்லை. ஆனால் ஒவ்வொரு அடியையும் யோசித்துக் கட்டியிருந்தால்தான் வாழ முடியும். என் அறையில் கட்டில் ஒரு மூலையில், பீரோ ஒரு மூலையில், நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பீரோ கதவைத் திறக்க வேண்டுமானால் நாற்காலியைத் தூக்கிக் கட்டிலின் மேல் வைக்க வேண்டும். ஆறு வருடமும் தினம் காலையில் அந்த நாற்காலி கட்டிலின் மேல் ஏறி இறங்கியது.

ஆர்கேட்டில் அந்தத் தொல்லை இல்லாதபடி செய்திருக்கிறார்கள். படுக்கை சுவரோடு சேர்த்துக் கட்டியது, அதன் அடியில் இழுப்பறைகள். உட்காரும் பலகையும் கட்டடத்தோடு சேர்ந்தது, அதற்குள்ளும் சாமான் வைக்கலாம். குடிவருபவர் கட்டிலோ பீரோவோ கொண்டுவர வேண்டியதில்லை, இரண்டு பெட்டியோடு வந்து இறங்கலாம். துணி துவைக்கும் இயந்திரங்கள், சைக்கிள் வைக்கும் இடம், கூடிப் பேச ஒரு பொது அறை எல்லாம் வீட்டுக்கு வெளியே, எல்லோருக்கும் பொது. வீட்டுக்குள் இடம் குறைத்ததைக் கட்டடம் திருப்பிக் கொடுக்கிறது. மாற்று வீடுகள் பற்றிப் பேசுபவர்கள் பலரும் சதுர அடியைச் சுருக்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள், திருப்பிக் கொடுக்கும் பாதியை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாதி இல்லாவிட்டால் சின்ன வீடு வெறும் நெருக்கடிதான்.

வீட்டு முன்பக்கம் இன்னமும் கடை முன்பக்கம்தான். தேசிய வரலாற்றுச் சின்னம் என்பதால் பழைய தோற்றத்தைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் கதவுக்குப் பக்கத்தில் நடையைப் பார்த்தபடி கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. ஒருகாலத்தில் தொப்பியும் துணியும் காட்சிக்கு வைத்திருக்கக்கூடிய கண்ணாடிக்குப் பின்னால் இப்போது ஒருவர் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறார். திரையைத் திறந்தால் கூரைக் கண்ணாடியிலிருந்து இறங்கும் பகல் வெளிச்சம் அறைக்குள் வரும், கூடவே எதிர் நடையில் போகிறவரின் பார்வையும் வரும்.

இப்போது எனக்கு உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீடுகளில் அடுப்பு இல்லை. சின்னக் குளிர்பெட்டி உண்டு, பாத்திரம் கழுவும் இயந்திரம் உண்டு, தொட்டி உண்டு, மைக்ரோவேவ் உண்டு. அடுப்பு கிடையாது. ஏன் என்பது கட்டட வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். அடுப்பு வைத்தால் புகை வெளியேற டக்ட் போட வேண்டும், 48 வீட்டுக்கு 48 டக்ட், அவ்வளவையும் 1828ல் கட்டிய சுவரிலும் கூரையிலும் ஓட்டை போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும், அப்புறம் தீப் பாதுகாப்பு விதிகள் வேறு. அடுப்பை எடுத்துவிட்டால் இத்தனை தலைவலியும் ஒரே அடியில் போய்விடும். கணக்கு சரிதான். ஆனால் ஒரு வீட்டில் வெங்காயம் வதக்க முடியாது, ஒரு தோசை வார்க்க முடியாது, காய்ச்சல் வந்த நாளில் ஒரு மிளகு ரசம் தாளித்துக் குடிக்க முடியாது என்றால், அதில் குடியிருப்பவர் எவ்வளவு காலம் தங்குவார்? மாணவர் தங்குவார், இரண்டு வருடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இளைஞர் தங்குவார். வார நாளில் மட்டும் ஊரில் இருந்துவிட்டுப் போகிறவர் தங்குவார். பக்கத்திலேயே பிரவுன் பல்கலைக்கழகம், ரோட் ஐலண்ட் டிசைன் கல்லூரி, ஜான்சன் அண்ட் வேல்ஸ் எல்லாம் இருப்பதால் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு தனியாள், கையில் காசு குறைவாக இருப்பதாலேயே தினமும் சமைத்துச் சாப்பிட வேண்டியவர், அவருக்கு இந்த வீடு சரிவராது. வாடகையில் மிச்சம் பிடிப்பது ஓட்டலில் போய்விடும்.

வாடகைக்கு வருவோம். திறந்தபோது மாதம் 550 டாலரிலிருந்து ஆரம்பம். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 34,000 ரூபாய். தனியாக ஒரு கதவும் தனியாக ஒரு குளியலறையும் நகரத்தின் நட்டநடுவில் அந்தத் தொகைக்குக் கிடைத்ததால்தான் அவ்வளவு பேர் வரிசையில் நின்றார்கள். ஆனால் இதே கணக்கைச் சதுர அடிக்குப் போட்டுப் பாருங்கள். 225 சதுர அடிக்கு 550 டாலர் என்றால் சதுர அடிக்கு ஏறத்தாழ 2.44 டாலர். அதே விலையில் 800 சதுர அடி வீடு ஒன்றை வாடகைக்கு விட்டால் மாதம் 1,950 டாலருக்கு மேல் வரும். அதாவது குடியிருப்பவருக்கு மொத்தத் தொகை குறைவு, உரிமையாளருக்குச் சதுர அடி வருமானம் அதிகம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. சிறிய வீடுகள் பற்றி எனக்குள்ள முதல் எச்சரிக்கை இதுதான்: இதை யாரும் தர்மத்துக்குக் கட்டவில்லை. சிறியதாக்கினால்தான் பழைய கட்டடத்தைச் சீரமைக்கும் செலவு தாங்கும் என்பதால் சிறியதாக்கினார்கள். அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் அதை மலிவு வீட்டுத் திட்டம் என்று அழைக்கக் கூடாது. பின்னாளில் இந்த வீடுகள் தனித்தனியாக விற்பனைக்கும் வர ஆரம்பித்தன. விற்பனைக்கு வந்த வீட்டின் வாடகையை நிர்ணயிப்பது அதை வாங்கினவர்தான்.

தேவை இருக்கிறதா என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்கக் குடும்பங்களில் 27.6 சதவீதம் ஒற்றை ஆள் குடும்பங்கள். 1940ல் இது 8 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் வீடுகளோ குடும்பங்களுக்காகக் கட்டியவை. தனியாள் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து மூன்று படுக்கையறை வீட்டைப் பங்கு போட வேண்டும், இல்லையானால் தனக்குத் தேவையில்லாத இடத்துக்கும் சேர்த்து வாடகை கொடுக்க வேண்டும். நியூயார்க்கில் பல காலம் புது வீடு 400 சதுர அடிக்குக் குறையக் கூடாது என்று விதி இருந்தது. 2012ல் மேயர் ப்ளூம்பெர்க் ஒரு போட்டி வைத்து அந்த விதியைத் தளர்த்தித்தான் கார்மெல் பிளேஸ் என்ற 55 சின்ன வீடுகள் கொண்ட கட்டடம் வந்தது, 2016ல். அது புதுக் கட்டடம். ஆர்கேட் அதற்கு மூன்று வருடம் முன்பே பழைய கட்டடத்தில் செய்துகாட்டியது.

அப்படியானால் மற்ற மால்களில் ஏன் முடியவில்லை?

ஆர்கேட்டின் வடிவத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். நடுவில் நடை, அதன் ஒவ்வொரு புறமும் ஒரே ஒரு கடை ஆழம், அதற்கப்பால் வெளிச்சுவர். ஒவ்வொரு கடையும் சின்னது, ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, நடுவில் கூரை வழியாக வெளிச்சம். இதை வீடாக்குவதற்குப் பெரிதாகச் சுவர் எழுப்பவோ இடிக்கவோ வேண்டாம், கடையின் அளவே வீட்டின் அளவு. மேல் வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே கீழ் வீட்டுக் குளியலறை வந்தால் ஒரே கழிவுநீர்க் குழாய் இரண்டுக்கும் போதும். 1828ல் சின்ன வியாபாரிகளுக்காகப் பிரித்த அறைகள் 2013ல் தனியாட்களுக்குப் பொருந்திவிட்டன. யாரும் திட்டமிட்டதல்ல, ஆனால் வேலையில் பாதியை அந்தப் பழைய வடிவம் செய்து கொடுத்துவிட்டது.

இப்போது நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் சாதாரண அமெரிக்க மாலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகை மாலுக்கு முன்மாதிரி மினசோட்டாவின் ஈடினா நகரில் 1956ல் திறந்த சவுத்டேல். வடிவமைத்தவர் விக்டர் க்ரூன், நாஜிகள் நுழைந்தபோது 1938ல் வியன்னாவை விட்டு ஓடிவந்தவர். அவர் மனதில் இருந்தது கடைகள் மட்டும் அல்ல. வீடுகள், பள்ளி, மருத்துவ வசதி, பூங்கா, எல்லாம் நடந்து போகும் தூரத்தில், நடுவே கடைகள். கட்டியவர்கள் கடைகளையும் கார் நிறுத்தும் இடத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கடைசிக் காலத்தில் அவரே அந்த மால்களைத் தன் பிள்ளைகளாக ஏற்க மறுத்தார். பல வருடம் கழித்து அதே சவுத்டேலின் கார் நிறுத்துமிடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அவர் உயிரோடு இருந்து பார்க்கவில்லை.

அந்த மாலின் ஓரங்களில் சியர்ஸ், ஜேசிபென்னி, மேசிஸ் போன்ற பெரிய கடைகள் நிற்கும். அப்படி ஒரு கடையின் ஒரு தளம் 60,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 245 அடி. ஜன்னல் வைத்தால் பகல் வெளிச்சம் உள்ளே 25, 30 அடி வரைதான் உருப்படியாக வரும். நான்கு புறமும் 30 அடி ஆழத்தில் வீடுகள் வைத்தால் பயன்படுவது 26,000 சதுர அடிக்கும் கொஞ்சம் குறைவு. மீதி 34,000 சதுர அடி, அதாவது பாதிக்கும் மேல், வெளிச்சம் காணாத இருட்டு. அதை என்ன செய்வது? சாமான் அறை, உடற்பயிற்சிக் கூடம் என்று எத்தனை வைக்க முடியும்? நடுவில் கூரையையும் தளத்தையும் அறுத்து முற்றம் எடுக்கலாம். எடுத்தால் வாடகை தரும் இடம் குறையும், செலவு ஏறும், அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு பெரும்பாலானோர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே மேல் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சியாட்டிலுக்கு வடக்கே லின்வுட்டில் ஆல்டர்வுட் மாலில் நடந்தது அதுதான்: சியர்ஸ் நின்ற இடத்தில் 300க்கும் மேற்பட்ட வாடகை வீடுகளோடு புதுக் கட்டடம். மால் வீடானது என்று தலைப்பு போடலாம், உண்மையில் அது காலி மனையில் எழுந்த வீடு.

குழாய் இன்னொரு பிரச்சினை. ஒரு மால் முழுவதற்கும் கழிப்பறைகள் சில இடங்களில் மட்டுமே இருக்கும், கழிவுநீர்க் குழாய்களும் அந்த இடங்களை நோக்கியே ஓடும். வீடு என்றால் ஒவ்வொரு வீட்டிலும் கழிப்பறை, குளியல், சமையல் தொட்டி. கான்கிரீட் தளத்தை அறுக்காமல் அது நடக்காது. வீடுகள் நூற்றுக்கணக்கில் என்றால் தெருவில் உள்ள நகராட்சிக் கழிவுநீர்க் குழாயே போதுமா என்ற கேள்வியும் எழும்.

கட்டடத்தைவிடப் பெரிய முட்டுக்கட்டை பத்திரங்களில் இருக்கிறது, வெளியில் அதிகம் பேசப்படாத விஷயம் இது. மால் முழுக்க ஒருவருக்குச் சொந்தம் என்று நாம் நினைக்கிறோம். பல இடங்களில் அப்படி இல்லை. ஓரத்தில் நிற்கும் பெரிய கடைகள் தங்கள் கட்டடத்தையும் அடியிலுள்ள நிலத்தையும் தாங்களே வைத்திருக்கும், நடுவில் உள்ள பகுதி மட்டும் மால் கம்பெனிக்கு. இவர்கள் எல்லோருக்கும் இடையில் பல பத்து வருடங்களுக்கு ஒப்பந்தம். கார் நிறுத்த இத்தனை இடம் இருக்க வேண்டும், இந்த இடத்தில் கட்டடம் வரக் கூடாது, இந்த வழியை அடைக்கக் கூடாது, கடை தவிர வேறு உபயோகம் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். நான்கு பெரிய கடைகளில் மூன்று மூடிப்போயிருந்தாலும் மிச்சமுள்ள ஒன்று சம்மதிக்காமல் கார் நிறுத்துமிடத்தில் ஒரு செங்கல் வைக்க முடியாது. இதற்கு மேல் நகராட்சியின் நில உபயோக விதிகள். கடைகளிலிருந்து விற்பனை வரி வரும், வீட்டிலிருந்து அப்படி வராது, வீட்டுக்குப் பள்ளியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதால் பல நகராட்சிகள் வணிக மனையை விட்டுக்கொடுக்கத் தயங்கும். கலிஃபோர்னியாவில் இதற்காகவே 2022ல் இரண்டு சட்டங்கள் போட்டார்கள், வணிக மனைகளில் வீடு கட்டுவதற்கு வழிவிட. 2023 ஜூலையிலிருந்து அவை நடைமுறையில் இருக்கின்றன.

ஆர்கேட்டுக்கு இந்தச் சிக்கல்கள் எதுவும் இல்லை. கடல் போல் கார் நிறுத்துமிடம் இல்லை, கூட்டு உரிமையாளர்களாகப் பெரிய கடைகள் இல்லை. நகர மையத்தில் இருப்பதால் காரே இல்லாமல் வாழலாம், ரயில் ஏறினால் பாஸ்டன். நெடுஞ்சாலை ஓர மாலில் 225 சதுர அடி வீட்டைக் கட்டினால், கீழே இறங்கி நடந்துபோக அங்கே எந்த ஊர் இருக்கிறது? சின்ன வீட்டுக்கு ஊர்தான் கூடம். கூடம் இல்லாத இடத்தில் கட்டினால் மாதங்களில் மூச்சு முட்டும். மால்களில் வீடு வருவதை நான் மனதார ஆதரிக்கிறேன், ஆனால் அங்கே சின்ன அறைகள் மட்டும் வரக் கூடாது. குழந்தைகளோடு இருக்கும் குடும்பங்களுக்கான இரண்டு மூன்று அறை வீடுகள் பாதியாவது இருக்க வேண்டும், பேருந்து நிற்க வேண்டும், ஒரு மளிகைக் கடை இருக்க வேண்டும். நிலம் அங்கேதான் தாராளமாக இருக்கிறது.

கடைசியாக, அதே பிராவிடன்ஸ். ஆர்கேட்டின் வியாபாரத்தைத் தின்ற பிராவிடன்ஸ் பிளேஸ் மாலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

2003ல் மைக்கேல் டவுன்சென்ட் என்ற ஓவியரும் அவருடைய நண்பர்களும் அந்த மாலின் கட்டட அமைப்பில் யாருமே பயன்படுத்தாத ஒரு பொந்து இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 750 சதுர அடி. மொத்தம் எட்டுப் பேர். அந்தக் காலத்தில் நகரின் பழைய ஆலைக் கட்டடங்கள், கலைஞர்கள் குறைந்த வாடகையில் தங்கி வேலை செய்த இடங்கள், ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஈகிள் ஸ்கொயரில் இருந்தவற்றை இடித்துவிட்டுக் கடை வளாகம் கட்டினார்கள். கடைக்காக வீட்டை எடுத்தார்கள், இவர்கள் கடைக்குள் வீட்டை எடுத்தார்கள். சிமெண்ட் கற்களை ஆள் பார்க்காத நேரத்தில் சுமந்துகொண்டு வந்து சுவர் எழுப்பி, கதவு வைத்துப் பூட்டுப் போட்டார்கள். சோபா, மேஜை, பாத்திர அலமாரி, தொலைக்காட்சி எல்லாம் வந்து சேர்ந்தன. மின்சாரம் மாலிலிருந்தே இழுத்தது. விட்டுவிட்டு நான்கு வருடம் அங்கே தங்கினார்கள். 2007ல் பிடிபட்டது டவுன்சென்ட் மட்டும். அத்துமீறி நுழைந்ததாக வழக்கு, நன்னடத்தைக் கண்காணிப்பு, அந்த மாலுக்குள் வரக் கூடாது என்று தடை.

சட்டப்படி அது குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் 14 லட்சம் சதுர அடி போலப் பரந்த ஒரு கட்டடத்தில் 750 சதுர அடி நான்கு வருடம் காணாமல் போயிருந்தது, அதை உரிமையாளர் கவனிக்கவே இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள். வாடகைக்கு விட முடியாத இடம் என்று ஏட்டிலிருந்தே கழித்துவிட்ட மூலை. ஒரு கட்டடத்தில் யாருக்கும் வேண்டாத இடம் எது என்பதை வீடு தேடுகிறவன்தான் முதலில் பார்க்கிறான்.

நார்ட்ஸ்ட்ராம் 2019ல் அந்த மாலை விட்டுப் போனது. 2024ன் கடைசியில் கடன் கட்ட முடியாமல் மால் நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகளின் கைக்குப் போனது. அதன்பின் அங்கே வீடுகள் வருமா என்ற கேள்வியை ஊரில் கேட்காதவர்கள் இல்லை. டவுன்சென்டும் நண்பர்களும் அந்த நான்கு வருடத்தில் சுவர் கட்டினார்கள், கதவு வைத்தார்கள், மின்சாரம் கொண்டுவந்தார்கள், சாமான் நிரப்பினார்கள். அவர்களுக்குக் கிடைக்காதவை குழாய்த் தண்ணீரும் ஜன்னலும். கழிப்பறைக்கு மாலின் பொதுக் கழிப்பறைக்குத்தான் நடந்து போனார்கள். அந்த மாலை வீடாக்கப் போகிறவர்கள் பெரும்பணம் கொட்ட வேண்டியிருப்பதும் அதே இரண்டுக்குத்தான்.